பழைய பாய்மரப் படகின் மரத்து விளக்குகள்: பழுது கண்டுபிடிப்பதும் ஒயரிங்கைப் புதுப்பிப்பதும்

1970, 80களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டப்பட்ட கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகள் இன்றும் நன்றாக ஓடுகின்றன. உடல் உறுதியாக இருக்கும், பாய் புதிதாகக்கூட இருக்கும். பாய்மரத்துக்குள் ஓடும் ஒயர் மட்டும் படகு கட்டிய நாளில் போட்டதாகவே இருக்கும். அந்த ஒயரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கணக்குகளுக்கு ஒரே படகை எடுத்துக்கொள்கிறோம்: 30 அடி நீளம், 12 மீட்டர் அலுமினியப் பாய்மரம் (இனி ‘மரம்’), 12 வோல்ட் பேட்டரி, கேடலினா 30 என்ற அமெரிக்கப் படகைப் போல மரம் தளத்தின் மேலேயே நிற்கும் அமைப்பு.

மரத்தில் எத்தனை விளக்குகள் இருக்கின்றன? எதை எப்போது போட வேண்டும்?

பெரும்பாலான படகுகளில் நான்கு. உச்சியில் மூவண்ண விளக்கும் (இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை) சுற்றிலும் தெரியும் நங்கூர விளக்கும் இருக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒரே கூட்டுக்குள் மேலும் கீழுமாக அமைந்திருக்கும். மரத்தின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே, முன்பக்கம் பார்த்து, எஞ்சின் ஓடும்போது போடும் வெள்ளை விளக்கு (எஞ்சின் விளக்கு). அதன் கீழேயே தளத்துக்கு வெளிச்சம் தரும் விளக்கு.

விதி 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் இருக்கிறது. பாயில் மட்டும் போகும்போது, படகு 20 மீட்டருக்குக் குறைவானதென்றால், மூவண்ண விளக்கு ஒன்று போதும். எஞ்சினைப் போட்ட கணத்தில், பாய் விரிந்திருந்தாலும், அது இயந்திரப் படகு. மூவண்ணத்தை அணைத்துவிட்டு, தள உயரத்தில் உள்ள சிவப்பு, பச்சை, பின் வெள்ளை விளக்குகளையும் மரத்தின் முன் வெள்ளையையும் போட வேண்டும். முன் வெள்ளை 225 பாகைக்கும், பக்க விளக்குகள் ஒவ்வொன்றும் 112.5 பாகைக்கும், பின் விளக்கு 135 பாகைக்கும் தெரிய வேண்டும்.

ஒரு பெயர்க் குழப்பம். விதிப் புத்தகத்தில் ‘மாஸ்ட்ஹெட் லைட்’ என்பது இந்த எஞ்சின் நேரத்து முன் வெள்ளைதான். மர உச்சியில் இருக்கும் விளக்கு அல்ல. கடையில் வாங்கும்போது இந்தப் பெயரால் தவறான விளக்கு கைக்கு வருவதுண்டு. பாகையைச் சொல்லிக் கேளுங்கள்.

உச்சி விளக்கு எரியவில்லை. உடனே மேலே ஏறிப் பல்பை மாற்றலாமா?

வேண்டாம். கீழே முடிக்க வேண்டிய சோதனைகளை முடிக்காமல் ஏறினால் பல தடவை ஏற வேண்டிவரும். பல்பு போவது உண்டுதான். ஆனால் பழைய படகில் குற்றவாளி பெரும்பாலும் மரத்தின் அடியில், தளத்தில் இருக்கும் பிளக்கிலோ அதன் கீழுள்ள இணைப்பிலோ இருக்கும். அதிலும் நெகட்டிவ் பக்கத்தில் இருக்கும். அலை ஏறி நனைகிற இடம் அது, காலில் இடிபடுகிற இடமும் அதுதான். மரத்து விளக்குகள் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே நெகட்டிவ் முள் இருப்பதால், அதில் களிம்பு ஏறினால் எல்லா விளக்கும் சேர்ந்து பாதிக்கப்படும்.

முதலில் சுவிட்ச் பலகையின் பின்பக்கம். அந்தச் சுவிட்சைப் போட்டு, அதிலிருந்து வெளியே போகும் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட்டை அளவிடுங்கள். பேட்டரியில் உள்ளதற்கும் இதற்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சுவிட்ச், ஃபியூஸ் பிடிப்பான் அல்லது பலகைக்கு வரும் ஒயரில் கோளாறு. பழைய கண்ணாடி ஃபியூஸ் பிடிப்பானின் இரு முனைகளிலும் பச்சை படிந்திருப்பதே பாதி நேரம் காரணம்.

அடுத்தது மர அடி. பிளக்கைக் கழற்றுங்கள். படகுப் பக்கத்து முனைகளில் மல்டிமீட்டரை வைக்காதீர்கள். 21 வாட் கார் பல்பு ஒன்றை இரண்டு ஒயரில் பற்றவைத்து, அதை அங்கே மாட்டுங்கள். பிரகாசமாக எரிந்தால் படகுப் பக்கம் நலம், கோளாறு மரத்துக்குள். மங்கலாக எரிந்தால் கோளாறு கீழேதான். ஏற வேண்டிய வேலையே இல்லை.

பிறகு மரப் பக்கம். சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்றிலிருந்து, 3 ஆம்ப் ஃபியூஸ் வைத்து, மரத்துக்குப் போகும் முனைகளுக்கு நேராக மின்சாரம் கொடுங்கள். விளக்கு எரிந்தால் மரமும் பல்பும் நலம். எரியாவிட்டால் பேட்டரியை எடுத்துவிட்டு ஓம் அளவிடுங்கள். 25 வாட் பல்பின் இழை சூடாக இருக்கும்போது 5.8 ஓம், குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் அரை ஓம்தான். ஒயரின் தடையையும் சேர்த்து 1 ஓமை ஒட்டி வந்தால் சுற்று முழுமையாக இருக்கிறது. பத்து, இருபது ஓம் வந்தால் எங்கோ களிம்பு. மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் பல்பு போயிருக்கும், அல்லது ஒயர் அறுந்திருக்கும். இப்போது ஏறுங்கள், பல்பையும் ஹோல்டரையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்இடி விளக்கில் இந்த ஓம் சோதனை பலிக்காது; உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் நல்ல விளக்கும் திறந்த சுற்றுப் போலக் காட்டலாம். அங்கே பேட்டரிச் சோதனை மட்டுமே நம்பத்தக்கது. பிளஸ், மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மர அடியில் மீட்டர் 12.5 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் விளக்கு எரியவில்லையே?

மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த எண் உங்களுக்கு உதவாது. மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பூஜ்யம். முப்பது இழைகளில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட் தெரியும். விளக்கைப் போட்டு 2 ஆம்ப் ஓட ஆரம்பித்ததும் அந்த ஓர் இழையில், அந்தக் களிம்பில், வோல்ட் முழுதும் விழுந்துவிடும். அதனால்தான் கார் பல்பு. சுமை ஓடும்போது எடுத்த அளவை மட்டும் எழுதிவையுங்கள்.

எந்தப் பக்கம் கோளாறு என்று பிரித்தறிய, சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை மர அடியின் பிளஸ் முள்ளிலும் வையுங்கள். காட்டுவது பிளஸ் ஒயரில் தொலைந்த வோல்ட். பிறகு பேட்டரி மைனஸுக்கும் மர அடி மைனஸுக்கும் அதையே செய்யுங்கள். இதற்குப் பத்து மீட்டர் நீளச் சோதனை ஒயர் ஒன்று தேவை. எந்த மெல்லிய ஒயரும் போதும். 2 ஆம்ப் ஓடும்போது மர அடி வரைக்குமான ஒரு பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் அந்தப் பக்கத்தை இணைப்பு இணைப்பாகத் தேடுங்கள்.

நங்கூர விளக்கைப் போட்டால் மூவண்ணம் மங்குகிறது. தள விளக்கைப் போட்டால் எஞ்சின் விளக்கு மங்குகிறது. ஏன்?

இரண்டும் ஒரே நெகட்டிவைப் பகிர்கின்றன, அந்த நெகட்டிவில் தடை ஏறியிருக்கிறது. ஒரு விளக்கின் மின்சாரத்தை அது தாக்குப்பிடிக்கிறது. இரண்டாவது சேர்ந்ததும் அங்கே விழும் வோல்ட் இரட்டிப்பாகிறது. மர அடியின் பொது நெகட்டிவ் முள்ளைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது வெட்டிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

சுவிட்ச் போட்டது ஒரு விளக்குக்கு, எரிவது வேறொன்று என்றால் அது வேறு கதை. மரத்தை இறக்கி ஏற்றியபோது பிளக்கில் ஒயர் மாறியிருக்கிறது. அமெரிக்கப் படகுகளில் பழைய நெகட்டிவ் ஒயர் கறுப்பாகவும், பின்னர் வந்த வழக்கப்படி மஞ்சளாகவும் இருக்கும்; முந்தைய உரிமையாளர்கள் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். நிறத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகப் பேட்டரியால் தூண்டி, எது எரிகிறது என்று பார்த்து, எண் ஒட்டி, ஒரு தாளில் வரைந்து, பலகையின் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. எங்கே தேடுவது?

ஒயர் மரத்திலிருந்து வெளியே வரும் ஓட்டைகளில். அலுமினியத்தில் துளைபோட்டு, விளிம்பை மழுக்காமல், ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் விட்ட ஓட்டை, ஆடும் ஒயரை அறுத்துவிடும். ஸ்ப்ரெடர் (மரத்தைத் தாங்கும் கம்பிகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கை) இருக்கும் உயரத்தில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு நுனியும் அதையே செய்யும்.

இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கப்பட வேண்டியது. பிளஸ் ஒயர் உரிந்து மரத்தைத் தொட்டாலும், மரம் நெகட்டிவோடு எங்கும் இணையாமல் இருந்தால் ஃபியூஸ் போகாது. மரமே மெல்ல மின்னூட்டம் பெற்று நிற்கும். அரிப்பு தொடங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே ஃபியூஸ் போகாததை வைத்து ஒயர் நலம் என்று முடிவு கட்டாதீர்கள். வருடம் ஒருமுறை எல்லா மரத்து விளக்குகளையும் போட்டு, மரத்தின் பூச்சு இல்லாத ஓர் இடத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 12 வோல்ட்டை ஒட்டி வந்தால் எங்கோ பிளஸ் ஒயர் தொடுகிறது.

மரம் அலுமினியம்தானே, அதையே நெகட்டிவாகப் பயன்படுத்தி ஒரு ஒயரை மிச்சப்படுத்தலாமா?

கூடாது. காரில் செய்வதைக் கடலில் செய்ய முடியாது. விளக்கு மின்சாரம் மரம், மரத்தைத் தாங்கும் கம்பிகள், அவற்றைப் படகோடு பிணைக்கும் தகடுகள் வழியே திரும்பத் தொடங்கினால், அலுமினியமும் எவர்சில்வரும் உப்புநீரோடு சேருகிற இடமெல்லாம் அரிக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி நெகட்டிவோ பொது நெகட்டிவோ, அது ஒயராகத்தான் இருக்க வேண்டும்.

மரம் நெகட்டிவிலிருந்து விலகி இருக்கிறதா என்று ஓம் சோதனை செய்யும்போது விஎச்எஃப் ரேடியோவின் (கடலில் பேசப் பயன்படும் ரேடியோ) ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிடுங்கள். அந்தக் கேபிளின் வெளி உலோகப் பின்னல், ஆன்டெனாவின் உலோகப் பிடி வழியாக மரத்தையும், ரேடியோ வழியாக நெகட்டிவையும் இணைத்துவைத்திருக்கும். அதைக் கழற்றாமல் இல்லாத கோளாறைத் தேடி ஒரு நாளைத் தொலைப்பவர்கள் பலர். இடிதாங்கி இணைப்பு இருந்தால் அதுவும் அப்படியே காட்டும். சோதனை முடிந்ததும் மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

துறையில் கட்டியிருக்கும்போது எரிகிறது, கடலில் ஆடும்போது அணைந்து அணைந்து எரிகிறது.

லூஸ் கான்டாக்ட். மூன்று இடங்கள்: பல்பு ஹோல்டரின் ஸ்பிரிங், மர அடிப் பிளக், கூட்டுக்குள் இருக்கும் திருகு முனை. பழைய விளக்குகளில் சில, இரு முனையும் கூம்பான நீளப் பல்பு கொண்டவை. இரண்டு பித்தளை நாக்குகள் அதைப் பிடித்திருக்கும். நாக்குகள் வருடங்களில் தளர்ந்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சற்று உள்ளே வளைத்து, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். நாக்கு கருத்துப் போயிருந்தால் வளைத்துப் பயனில்லை; ஸ்பிரிங் தன்மையே போய்விட்டது, கூட்டையே மாற்றுங்கள்.

தளத்துப் பிளக் கெட்டுவிட்டது. புதிது வாங்கி அதே இடத்தில் மாட்டலாமா?

மாட்டலாம், சில வருடங்களில் திரும்பவும் கெடும். எங்கள் கருத்தில் நல்ல வழி, தளத்துக்கு மேலே இணைப்பே வைக்காமல் இருப்பது. வளைந்த கழுத்துள்ள எவர்சில்வர் குழாயோ, நீர் புகாத கேபிள் கிளாண்டோ வைத்து, கேபிளை முழுதாகத் தளத்துக்குக் கீழே கொண்டுபோய், அறைக்குள் ஒரு பெட்டியில் டெர்மினல் பிளாக்கில் முடியுங்கள். மரத்தை இறக்க வேண்டிய நாளில் அங்கே கழற்றிக்கொள்ளலாம். அதற்காக மர அடியில் 40 முதல் 50 செ.மீ. கூடுதல் நீளம் சுருட்டிவையுங்கள். பெட்டிக்குள் நுழைவதற்கு முன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

தளத்துக்குள் இறங்கி அடிக்கட்டையில் நிற்கும் மரமென்றால் கேபிள் அடிநீர்க் குழிவரை வரும். அங்கே ஒரு இணைப்பும் வேண்டாம். அடிநீர் எட்டாத உயரத்தில், மரத்தின் பக்கத்தில் துளை வைத்து வெளியே எடுத்துப் பெட்டியில் முடியுங்கள்.

ஒயரை மாற்றாமல், பல்பை மட்டும் எல்இடியாக மாற்றினால் போதுமா?

நங்கூர விளக்குக்கும் தள விளக்குக்கும் பெரும்பாலும் போதும். ஓட்டத்தில் காட்டும் விளக்குகளுக்கு யோசிக்க வேண்டும்.

பழைய கூடுகள் பல, உதாரணமாக அக்வா சிக்னல் 40 வரிசை, 25 வாட் பல்புக்காக வடிவமைக்கப்பட்டவை. சிவப்பும் பச்சையும் சந்திக்கும் கோடு கூர்மையாக இருப்பது, பல்பின் மெல்லிய நிமிர்ந்த இழை சரியான இடத்தில் நிற்பதால்தான். அங்கே தடித்த எல்இடிப் பல்பை வைத்தால் கோடு மங்கி, முன்னாலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு நிறமும் நீண்ட கோணத்துக்குக் கலந்து தெரியும். உங்கள் படகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை எதிர்ப் படகு கணிப்பது அந்தக் கோட்டை வைத்து. இரண்டாவது, நிறம். நீலம் கலந்த வெள்ளை எல்இடியைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அதில் சிவப்பு ஒளியே குறைவு, விளக்கு மங்கும். பச்சைக் கண்ணாடி நீலமாகத் தெரியும். மூன்றாவது, பாயில் படகு சாய்ந்து போகும். மேலும் கீழும் 25 பாகை வரை குறைந்தது பாதி ஒளியாவது தெரிய வேண்டும் என்பது பாய்ப் படகுக்கான விதி. எல்லா எல்இடிப் பல்பும் அவ்வளவு பரவலாக ஒளிவிடாது.

பழைய கூட்டுக்குக் கிடைத்த சான்று அதற்குரிய பல்போடு சேர்த்துக் கிடைத்தது. பல்பை மாற்றியதும் அந்தச் சான்று செல்லாது. ஆகவே மூவண்ணத்துக்கும் எஞ்சின் விளக்குக்கும் சான்று பெற்ற, மூடிய எல்இடி விளக்கை முழுதாக வாங்குங்கள். விலை அதிகம். 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு எஞ்சின் விளக்கும் பின் விளக்கும் 2 கடல்மைல், பக்க விளக்கு 1 கடல்மைல் தெரிய வேண்டும். 12 முதல் 20 மீட்டர் வரை என்றால் எஞ்சின் விளக்கு 3, மற்றவை 2. பெட்டியில் இந்த எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

பல்பு மட்டும்தான் மாற்ற முடியும் என்ற நிலையில், மூவண்ணத்துக்கு மஞ்சள் சாயல் உள்ள வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள், 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் உள்ளமைப்பு இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.4 வோல்ட் வரும். மலிவான எல்இடி அதிலேயே கருகிவிடும்.

பேட்டரிக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. 25 வாட் மூவண்ணம் பத்து மணி நேரத்தில் சுமார் 21 ஆம்ப்-மணி தின்னும். 3 வாட் எல்இடி இரண்டரைதான்.

எந்த அளவு ஒயர் போட வேண்டும்?

கணக்கு எளிது. தொலையும் வோல்ட் = 2 × ஒருவழி நீளம் (மீட்டர்) × ஆம்ப் × 0.018 ÷ ஒயரின் அளவு (சதுர மி.மீ.). ஓட்ட விளக்குகளுக்கு இழப்பு 3 சதவீதத்துக்குள், அதாவது 12 வோல்ட்டில் 0.36க்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் படகு மின்னமைப்பு நடைமுறை.

நம் படகில் பலகையிலிருந்து உச்சிவரை 18 மீட்டர். 25 வாட் பல்பு 2.08 ஆம்ப். 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரில் 0.9 வோல்ட் தொலையும், 7.5 சதவீதம். 2.5 ஸ்கொயரில் 0.54. மூன்று சதவீதத்துக்குள் வர 4 ஸ்கொயர் வேண்டும். அந்தக் கனத்தை மரத்தின் உச்சியில் யாரும் விரும்பமாட்டார்கள். இழைப் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதம் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய படகுகளின் மூவண்ணம் எப்போதும் மங்கலாகவே இருந்ததற்குக் காரணம் இதுதான்.

3 வாட் எல்இடிக்கு 0.25 ஆம்ப். அதே 1.5 ஸ்கொயரில் 0.11 வோல்ட், ஒரு சதவீதத்துக்கும் கீழ். மின்கணக்குப்படி இன்னும் மெல்லியதும் போதும். ஆனால் 1.5க்குக் கீழே போகாதீர்கள். மெல்லிய ஒயர் மரத்துக்குள் தன் எடையையும் ஆட்டத்தையும் தாங்காது.

ஒயர், வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பாக இருக்க வேண்டும். பூச்சில்லாத செம்பு இழைகளுக்கிடையே ஈரம் ஏறிக்கொண்டே போகும். முனையில் ஐந்து செ.மீ. வெட்டினாலும் உள்ளே கறுப்பு, இன்னும் பத்து வெட்டினாலும் கறுப்பு என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஒயரில் எந்த இணைப்பும் நிற்காது. முழுதாக மாற்றத்தான் வேண்டும். வீட்டு ஒயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் ஆட்டத்தில் முறிந்துவிடும்.

புது கேபிளை மரத்துக்குள் எப்படி இழுப்பது?

மரம் இறக்கிக் கிடக்கும்போது செய்தால் அரை நாள் வேலை. நிற்கும்போதும் செய்யலாம், ஆனால் இரண்டு பேர் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

நம் 12 மீட்டர் மரத்துக்குத் தேவை: உச்சிக்கு மூன்று கம்பி கேபிள் 14 மீட்டர், எஞ்சின் விளக்குக்கும் தள விளக்குக்கும் மூன்று கம்பி கேபிள் 10 மீட்டர், 3 மி.மீ. இழுகயிறு 30 மீட்டர். விஎச்எஃப் ஆன்டெனா கேபிளும் பழையதென்றால் இதே தடவையில் மாற்றிவிடுங்கள். தனியாக இன்னொரு நாள் அந்த வேலையைச் செய்ய மனம் வராது.

பழைய கேபிளை ஒருபோதும் முதலில் உருவிவிடாதீர்கள். அதுதான் உங்கள் வழி. முதலில் அது நகருகிறதா என்று மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நகர்ந்தால் கீழ் முனையில் இழுகயிற்றைக் கட்டி, மேலிருந்து இழுத்துக் கயிற்றை உள்ளே கொண்டுவாருங்கள். அதன் பிறகே புது கேபிள், மேலிருந்து கீழாக. கட்டும் இடம் தடிக்கக் கூடாது: கேபிளின் மூன்று கம்பிகளையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டி, கயிற்றோடு படிப்படியாக ஒல்லியாகும்படி டேப் சுற்றுங்கள். அந்த 3 மி.மீ. கயிற்றின் இன்னொரு நீளத்தையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவைத்தால் அடுத்த முறை வேலை பாதி.

நகரவில்லை என்றால் காரணம் தேடுங்கள், பலம் காட்டாதீர்கள். உள்ளே ரிவெட் அடித்த குழாய் இருக்கலாம். சத்தம் அடக்க அடைத்த நுரைப்பஞ்சு இருக்கலாம். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறு மரத்துக்குள் ஓடினால் அதில் சுற்றியிருக்கலாம். மரத்தின் அடி முனையில் உள்ள மூடியைக் கழற்றிக் கைவிளக்கால் உள்ளே பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கேபிளின் எடையை விளக்கின் திருகு முனை தாங்கக் கூடாது. உச்சியில் மரத்தலைக்குக் கீழே, கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் ஒரு கிளிப்போ, சுற்றிக் கட்டிய கயிறோ அதைத் தாங்கட்டும். புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தால் நீளவாக்கில் முட்டை வடிவில் சிறிதாகப் போடுங்கள், விளிம்பை அரத்தால் மழுக்குங்கள், குரோமெட் வையுங்கள். ஒரே உயரத்தில் இரண்டு ஓட்டை வேண்டாம்; ஸ்ப்ரெடர் பிணைப்பின் அருகிலும் வேண்டாம். மரம் முறியத் தொடங்குவது அப்படிப்பட்ட இடங்களில்.

இரவில் மரத்துக்குள் கேபிள் தட்டும் சத்தத்தை எப்படி நிறுத்துவது?

மரத்துக்குள் கயிறு எதுவும் ஓடாவிட்டால் கேபிள் டை போதும். 300 மி.மீ. நீளமுள்ளவற்றை, அரை மீட்டருக்கு மூன்று வீதம், வால்கள் மூன்று திசையில் நீட்டும்படி கட்டி, வாலை வெட்டாமல் விடுங்கள். உள்ளே இழுத்ததும் வால்கள் வில்லாக வளைந்து கேபிளை மரத்தின் நடுவில் நிறுத்தும். 12 மீட்டருக்கு 75 டை ஆகும்.

ஆஞ்சான் கயிறு உள்ளே ஓடினால் இந்த முறை கூடாது. கயிறு வால்களில் சிக்கும், கேபிளையும் அறுக்கும். அப்போது 25 மி.மீ. பிவிசி குழாயை மரத்தின் ஒரு பக்கச் சுவரோடு ரிவெட் அடித்து, கேபிளை அதற்குள் விடுவதே வழி. ரிவெட்டின் உள்நுனி கேபிளைக் கிழிக்காதபடி குட்டை ரிவெட்டாகத் தேர்ந்தெடுங்கள். ரிவெட் அடித்து முடித்த பிறகே கேபிளை இழுங்கள்.

இணைப்புகளைச் சால்டர் செய்யலாமா?

சால்டர் மட்டும் போதாது. ஈயம் ஒயருக்குள் ஏறி உறைந்து நிற்கும் இடத்தின் ஓரத்தில் இழைகள் விறைப்பாகிவிடும். ஆடி ஆடி அங்கேயே முறியும். நல்லது, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப் இணைப்பி (ஒயரை நசுக்கிப் பிடித்து, சூடு காட்டினால் சுருங்கி மூடிக்கொள்வது). ராட்செட் கிரிம்பரால் அழுத்தி, கையால் பலமாக இழுத்துப் பார்த்து, பிறகு சூடு காட்டுங்கள். இரு முனையிலும் பசை ஒரு வளையமாக வெளியே வந்தால்தான் மூடியதாகப் பொருள். சாதாரண இடுக்கியால் நசுக்கிய கிரிம்ப் இரண்டு வருடம் தாங்காது. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றுவது நீரை உள்ளே பிடித்துவைக்கும் வேலை.

வினிகர் வாடை வரும் சிலிக்கான் பசையை ஒயர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது உலரும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். விளக்குக் கூட்டின் அடியில் உள்ள வடிகால் துளையை எந்தப் பசையாலும் அடைக்கவும் வேண்டாம். உள்ளே வியர்க்கும் நீர் போக அது ஒன்றே வழி.

எல்இடி போட்ட பிறகு விஎச்எஃப் ரேடியோ சரியாகக் கேட்கவில்லை.

தொடர்பு உண்டு. எல்இடிக்குள் வோல்ட்டைச் சீராக்கும் சுற்று வேகமாகத் திறந்து மூடும்போது வானொலி இரைச்சல் எழுப்பும். ஆன்டெனா அதற்கு அரை மீட்டர் தள்ளி நிற்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. விஎச்எஃப் மட்டுமல்ல, ஏஐஎஸ் கருவியும் (அருகிலுள்ள கப்பல்களின் இடத்தைக் காட்டுவது) பாதிக்கப்படும்.

சோதனை: விளக்குகளை அணைத்து, ரேடியோவைப் பேச்சில்லாத ஒரு சானலில் வையுங்கள். ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகி) திறந்து இரைச்சல் கேட்டதும், அது நிற்கும் இடம்வரை மட்டும் திருப்பி நிறுத்துங்கள். இப்போது எல்இடியைப் போடுங்கள். இரைச்சல் மீண்டும் வந்தால் அந்த விளக்கே காரணம். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். ஃபெரைட் வளையத்தை விளக்கின் அருகே கேபிளில் மாட்டினால் சில நேரம் குறையும். குறையாவிட்டால் அந்தப் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள். ஆபத்தில் அழைப்பது கேட்காத ரேடியோவை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகக் கூடாது.

உச்சிக்கு இரண்டு கம்பி மட்டுமே போகிறது. மூவண்ணம், நங்கூரம் இரண்டையும் இயக்க முடியுமா?

முடியும். சில எல்இடி விளக்குகள் பிளஸ், மைனஸ் ஒரு திசையில் இருந்தால் மூவண்ணமாகவும், மாற்றிக் கொடுத்தால் நங்கூர விளக்காகவும் எரியும்படி செய்யப்பட்டவை. பலகையில் இரட்டைத் துருவ, இருவழி, நடுவில் அணையும் சுவிட்ச் ஒன்று போதும். நல்ல நிலையில் உள்ள ஒயரை மாற்றாமல் தப்பிக்க இது நேர்மையான வழி. மூன்று கம்பி இருந்தாலும் நடுவில் அணையும் இருவழிச் சுவிட்சைப் பரிந்துரைக்கிறோம். மூவண்ணமும் நங்கூர விளக்கும் தவறிச் சேர்ந்து எரியாது.

இரவில் எஞ்சினில் போகும்போது மரத்தின் முன் வெள்ளை செத்துவிட்டது. என்ன செய்வது?

படகு 12 மீட்டருக்குக் குறைவென்றால் விதியே ஒரு வழி தருகிறது: சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும் பக்க விளக்குகளும் இருந்தால் போதும். உச்சியின் நங்கூர விளக்கைப் போடுங்கள், தள உயரப் பக்க விளக்குகளைப் போடுங்கள், பின் விளக்கை அணையுங்கள், மூவண்ணத்தைப் போட்டுவிடாதீர்கள். துறை சேர்ந்த பிறகு பழுது பார்க்கலாம்.

மேலே ஏற வேண்டியே வந்தால்?

இரண்டு கயிறு: ஒன்று ஏறுபவர் உட்காரும் தொங்கு நாற்காலியைத் தூக்க, இன்னொன்று உடல் பட்டையில் காப்பாக. இரண்டையும் கொக்கியில் மாட்டாமல் முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். விரைவுக் கொக்கி மரத்தில் உரசித் திறந்துகொள்ளலாம். மின்சார வின்ச்சில் ஆளைத் தூக்காதீர்கள். அந்தச் சுற்றின் ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், விஎச்எஃப்பை அணையுங்கள், மரத்தில் ராடார் இருந்தால் அதையும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கயிறு. கீழே நிற்பவர் மரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டாம்.

ஏறும்போது கையில் இருக்க வேண்டியவை: புதுப் பல்பு இரண்டு, உப்புத்தாள், சிலிக்கான் கிரீஸ், கூட்டின் ரப்பர் வளையம் ஒன்று, கிரிம்பர், இணைப்பி ஆறு, காற்றில் அணையாத சூட்டு விளக்கு, மல்டிமீட்டர், கைபேசி. கூட்டைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள்; எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்பது கீழே இறங்கிய பிறகுதான் சந்தேகமாக வரும்.